டைல்ஸை மாற்றும் முன் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: திருச்சியில் எங்கள் வீடு 1996இல் கட்டியது. கீழே ஒரு பாத்ரூம், மாடியில் ஒன்று. இரண்டுமே ஏழுக்கு ஐந்து அடி. மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள அறையின் சீலிங்கில் இரண்டு வருடமாக ஓதம். பெயிண்ட் அடித்தால் மூன்று மாதத்தில் உரிந்துவிடுகிறது. கீழ் பாத்ரூமை என் மாமியார்தான் அதிகம் பயன்படுத்துகிறார். வயது 76. முழங்கால் வலியால் இந்தியன் கிளாசெட்டில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வெஸ்டர்ன் வைக்கலாம் என்றால் வேண்டவே வேண்டாம் என்கிறார். போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது வழுக்கிவிட்டது, நல்லவேளை அடிபடவில்லை. சமீபத்தில் என் தங்கை வீட்டு பாத்ரூமைப் புதுப்பித்தார்கள். கண்ணாடித் தடுப்பு, சுவரில் மாட்டிய கிளாசெட், தலைக்கு மேல் பெரிய ஷவர், கறுப்பு டைல்ஸ். அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் பாத்ரூமுக்குள் போகவே பிடிக்கவில்லை. ஒரு கான்ட்ராக்டர், பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டி இரண்டையும் அதேபோல் செய்து தர மூன்றரை லட்சம் கேட்கிறார். போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். ‘குளிக்கிற இடத்துக்கு இவ்வளவு செலவா?’ என்கிறார் கணவர். நாங்கள் என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வணக்கம் சகோதரி. பாத்ரூமைப் புதுப்பிக்கலாம், புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் உங்களிடம் வந்திருக்கும் மதிப்பீட்டுக்கு இப்போது சம்மதம் சொல்லாதீர்கள். மாடியிலிருந்து இறங்கும் தண்ணீரும் உங்கள் மாமியாரின் பாதுகாப்பும் அதில் இல்லவே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பகுதிக்கு மட்டும் மூன்றரை லட்சம் என்றால் அந்தப் பணம் வீண். ஒரு வருடத்தில் புது டைல்ஸுக்கு அடியில் அதே ஓதம் இருக்கும்.

முதலில் உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். பாத்ரூமுக்குச் செலவா என்று தயங்குவது நியாயமான தயக்கம்தான். ஆனால் ஒரு வீட்டில் வேறெந்த இடத்தைக்காட்டிலும் சீக்கிரம் பழுதாகி, பக்கத்து அறைகளையும் சேர்த்துக் கெடுக்கும் இடம் பாத்ரூம். உங்கள் சீலிங்கில் தெரிவது பெயிண்ட் பிரச்சினை இல்லை. கான்கிரீட்டுக்குள் ஈரம் தொடர்ந்து இருந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பும். கம்பி அப்படிப் பருக்கும்போது கான்கிரீட் வெடித்துத் துண்டு துண்டாக விழும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் நீங்கள் செலவு செய்ய வேண்டியது பாத்ரூமுக்கு இல்லை, தளத்துக்கு. இதை அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், தங்கை வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டுக்காரர்கள் தங்கள் பாத்ரூம் பிடிக்கவில்லை என்று சொல்லும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, ‘இதைக் கழுவுவது யார்?’ என்பதுதான். உங்கள் வீட்டில் அது நீங்கள் என்று நினைக்கிறேன். குளித்து முடித்தபின் மூலையில் தண்ணீர் தேங்குகிறதா? தினமும் துடைப்பத்தால் தள்ள வேண்டியிருக்கிறதா? கதவின் அடிப்பக்கம் ஊறிப்போயிருக்கிறதா? மதியம் மூன்று மணிக்குப் போனாலும் தரை ஈரமாகவே இருக்கிறதா? வாடை வருகிறதா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஆமாம் என்றால், உங்களுக்குப் பிடிக்காமல் போனது பழைய டைல்ஸின் நிறத்தால் அவ்வளவாக இல்லை. காயாத தரையாலும் ஓயாத வேலையாலும்தான். காய்ந்த தரை, நல்ல வெளிச்சம், வாடையில்லாத காற்று மூன்றும் இருந்தால் சாதாரண டைல்ஸ் போட்ட பாத்ரூம்கூட மனசுக்குப் பிடிக்கும். இவை இல்லாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கல் பதித்தாலும் ஆறு மாதத்தில் பழைய சலிப்பே திரும்பும். அதனால் எந்த முடிவிலும் உங்கள் பேச்சுதான் கடைசிப் பேச்சாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கழுவுகிறவருக்குத்தான் அந்த அறையின் குறைகள் முழுதாகத் தெரியும்.

இப்போது ஓதம். இடிப்பதற்கு முன் கசிவு எங்கிருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள். மாடி பாத்ரூமை ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாமல் வையுங்கள். கழுவவும் வேண்டாம். ஆனால் அதற்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வால்வு திறந்தே இருக்கட்டும். கீழே சீலிங்கில் ஈரம் எதுவரை இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஈரம் கோட்டுக்குள் சுருங்க ஆரம்பித்தால், கசிவு தரையிலோ கழிவுநீர் போகும் வழியிலோ இருக்கிறது. சுருங்காமல் அப்படியே இருந்தாலோ வளர்ந்தாலோ, சுவருக்குள் ஓடும் குழாயைச் சந்தேகப்படலாம். 1996 வீடு என்றால் அநேகமாக ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். கிட்டத்தட்ட 30 வருடம் உப்புத் தண்ணீர் ஓடிய ஜிஐ பைப் உள்ளே துருவும் உப்புமாக அடைத்து, இணைப்புகளில் மெல்லக் கசிவது சாதாரணம். காலையில் முதல் தண்ணீர் செம்பழுப்பாக வந்தால் அதுவும் ஓர் அடையாளம். மழை பெய்த பிறகு மட்டும் ஓதம் கூடுகிறது என்றால் வெளிச்சுவரைப் பார்க்க வேண்டும், பாத்ரூமை இல்லை.

தரைதான் காரணமா என்று உறுதிப்படுத்த இன்னொரு வழி உண்டு. தரையில் தண்ணீர் வெளியேறும் துளையான நஹானி டிராப்பைத் துணியால் இறுக்கி அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். வாசலில் ஈரமண்ணோ சிமெண்ட்டோ வைத்து சின்னக் கரை கட்டினால் போதும். நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆவியாகியிருக்கலாம். அதற்கு மேல் இறங்கியிருந்தால் டைல்ஸ் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது.

உள்ளே போன தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடி பாத்ரூம்களில் கான்கிரீட் தளத்தை மற்ற அறைகளைவிட ஏறக்குறைய ஓர் அடி இறக்கிப் போடுவார்கள். கிளாசெட்டும் குழாய்களும் அந்தப் பள்ளத்தில் உட்காரும். மேலே செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் இந்தப் பள்ளத்தில் தொட்டிபோலத் தேங்கும். வெளியேற வழியில்லாமல் கான்கிரீட் வழியாகக் கீழே கசியும். இதனால்தான் மேலே புது டைல்ஸ் ஒட்டுவதை நான் வேண்டாம் என்கிறேன். ஏற்கெனவே தேங்கிய தண்ணீருக்கு மூடி போட்ட கணக்குதான் அது. போதாததற்கு, டைல்ஸும் பசையும் சேர்ந்து தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். வாசற்படி உயரம் குறைந்து, குளிக்கிற தண்ணீர் அறைக்குள் எட்டிப் பார்க்கும்.

டைல்ஸ் மேல் டைல்ஸ் எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். கீழ் பாத்ரூம் சுவரில், பழைய டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கலகலவென்று வெற்றொலி வராமல் எல்லா இடமும் திடமாக ஒலித்தால், குழாய்களையும் மாற்ற வேண்டியதில்லை என்றால், அதற்கென்று உள்ள பசையால் ஒட்டலாம். சுவருக்குச் சரி. தரைக்கு வேண்டாம்.

மாடியில் செய்ய வேண்டியது இதுதான். டைல்ஸ், ஜல்லி எல்லாவற்றையும் அள்ளிவிட்டுக் கான்கிரீட் தளம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். கம்பி வெளியே தெரிந்தால் துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். பிறகு குழாய்கள். சுடுதண்ணீருக்கு சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாயான சிபிவிசி, பச்சைத் தண்ணீருக்கு சாதாரண பிளாஸ்டிக் குழாயான யுபிவிசி அல்லது இரண்டுக்குமே சிபிவிசி. சுவரை மூடும் முன் கைப்பம்பு வைத்து அழுத்தம் கொடுத்து, கசிவில்லை என்று பிளம்பர் உங்களுக்குக் காட்ட வேண்டும். கிளாசெட்டிலிருந்து வெளியே போகும் நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் வாட்டம், அதாவது சரிவு வேண்டும். வாஸ்துவுக்காகக் கிளாசெட்டைத் திருப்பச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை உங்கள் விருப்பம். ஆனால் திருப்பினால் அந்தக் குழாயில் கூடுதல் வளைவு வரும், வளைவு கூடக் கூட அடைப்பும் கூடும். இதைத் தெரிந்து முடிவு செய்யுங்கள்.

பிறகுதான் வாட்டர்புரூஃபிங். சிமெண்ட்டோடு பாலிமர் கலந்து பூசும் இரண்டு பாகப் பூச்சு கடைகளில் கிடைக்கிறது. முதல் பூச்சு காய்ந்ததும் இரண்டாவதைக் குறுக்காக அடிக்க வேண்டும். பள்ளத்தின் தரையிலும் பக்கங்களிலும் அடித்து, டைல்ஸ் ஒட்டி முடித்தபின் வரும் தரைமட்டத்துக்கு மேல் சுவரில் ஓர் அடியாவது ஏற்ற வேண்டும். குளிக்கும் பக்கத்துச் சுவரில் ஆறடி உயரம் வரை. குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடம்தான் பலவீனமான இடம், அங்கே தனிக் கவனம் வேண்டும். பள்ளத்தின் அடியிலிருந்து சின்னக் குழாய் ஒன்றை வெளியே விடச் சொல்லுங்கள். என்றைக்காவது தண்ணீர் இறங்கினாலும் அது வெளியே சொட்டும், உங்களுக்கும் தெரிந்துவிடும்.

பூச்சு காய்ந்தபின் பள்ளத்தில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட வேண்டும். இந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தத்தான் எல்லா மேஸ்திரிகளும் அவசரப்படுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். கீழே சீலிங்கில் புது ஈரம் இல்லை என்று உங்கள் கண்ணால் பார்த்தபின் ஜல்லி போடச் சொல்லுங்கள். இடித்த குப்பையையே திரும்பக் கொட்டி நிரப்புவதை அனுமதிக்க வேண்டாம். சுத்தமான செங்கல் ஜல்லியோ காற்றுக் குமிழ்கள் உள்ள, எடை குறைந்த ஏஏசி கல் துண்டுகளோ நல்லது. அதன் மேல் தளக் கலவை போட்டபின், டைல்ஸுக்கு அடியில் இன்னொரு முறை பூச்சு. கீழ் அறை சீலிங்குக்குப் பெயிண்ட் இப்போது வேண்டாம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறச் சில வாரங்கள் ஆகும். நன்றாகக் காய்ந்தபின் உப்புப் பூத்ததைச் சுரண்டிவிட்டு அடியுங்கள்.

தரையின் வாட்டம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் ஏழடி பாத்ரூமில் வாசலிலிருந்து நஹானி டிராப் வரை ஓர் அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். இரண்டடிக்கு நான்கடி பெரிய டைல்ஸ் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. சுவரில் போடுங்கள், அழகாகத்தான் இருக்கும், இடுக்கும் குறைவு. தரையில் போட்டால் நாலாபக்கமும் வாட்டம் கொடுக்க முடியாது. தரைக்கு ஓரடிச் சதுர டைல்ஸ் போதும். ஒட்டி முடித்த மறுநாள் ஒரு பக்கெட் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றிப் பாருங்கள். எங்கேயாவது குட்டை நின்றால் இடுக்குகளை நிரப்பும் கிரவுட் போடுவதற்கு முன்பே அந்த டைலைப் பெயர்த்து ஒட்டச் சொல்ல வேண்டும். கிரவுட், எபாக்ஸி என்ற பிசின் வகையாக இருக்கட்டும். விலை அதிகம்தான். ஆனால் ஒயிட் சிமெண்ட் போட்டால் அதைத்தான் நாம் ஆசிட் ஊற்றிக் கழுவிக் கழுவிக் கரைத்துவிடுகிறோம். உங்கள் டைல்ஸ் இடுக்குகள் திறந்ததற்கு ஆசிட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். இனிமேல் பாத்ரூமில் ஆசிட் வேண்டாம். முக்கியமாக, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அந்தக் கலவையிலிருந்து வரும் குளோரின் வாயு, மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

சரி, உங்கள் மாமியார். எனக்கு இந்தக் கடிதத்தில் அதிகம் கவலை தந்தது அந்தத் தீபாவளி வரிதான். வேலையை அவருடைய பாத்ரூமிலிருந்து ஆரம்பியுங்கள். மாடி ஓதம் இரண்டு மாதம் பொறுக்கும். மாடி பாத்ரூமை அதுவரை பூட்டிவைத்தால் இன்னும் நல்லது, ஆனால் கீழே வேலை நடக்கும்போது உங்களுக்கு அது தேவைப்படும்.

வெஸ்டர்ன் வேண்டாம் என்று அவர் சொல்வதைப் பிடிவாதம் என்று ஒதுக்க வேண்டாம். வாழ்நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்தவருக்கு நாற்காலிபோல் உட்கார்ந்தால் மலம் கழியாது என்ற பயம் இருக்கும். குந்தும்போது மலம் கழிவது சுலபம் என்பதால் அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதனால் இடிக்கும் முன் ஒரு மாதம் பழக்கிப் பாருங்கள். இந்தியன் கிளாசெட் மேல் வைக்கும் கமோட் ஸ்டூல், மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது. கால்கள் ரப்பர் மூடியோடு ஆடாமல் நிற்பதாகப் பார்த்து வாங்குங்கள். உட்காரும்போது பாதத்துக்கு அடியில் ஆறேழு அங்குல உயரத்தில் ஒரு மணை வைத்தால் முழங்கால் உயர்ந்து, குந்தி உட்காரும் நிலைக்குப் பக்கத்தில் வரும். எழுந்திருக்கும் முன் மணையைத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே காலை இடறும். ஒரு மாதத்தில் அவருக்கே பழகிவிட்டால், அவர் சம்மதத்தோடு வெஸ்டர்ன் வைக்கலாம். சாதாரண கிளாசெட் 15, 16 அங்குல உயரம் இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு சீட்டோடு சேர்த்து 17 முதல் 19 அங்குலம் இருந்தால் எழுவது சுலபம். கடையில் அவரையே உட்கார வைத்துப் பார்த்து வாங்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. வாங்கும்போது கிளாசெட்டின் கழிவுக் குழாயின் நடுப்புள்ளி டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று பிளம்பரிடம் அளவு வாங்கிக்கொண்டு போங்கள். ஒன்பது அங்குலத்துக்கும் பன்னிரண்டு அங்குலத்துக்கும் வேறு வேறு மாடல்கள், மாறினால் பொருந்தாது. மாடியில் இந்தியன் கிளாசெட்டே இருக்கட்டும் என்று வீட்டில் யாராவது விரும்பினால் அதை மாற்றவே வேண்டாம்.

கைப்பிடி வைக்காமல் எந்த வேலையும் முடிந்ததாக நினைக்காதீர்கள். கிளாசெட்டுக்குப் பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் படுக்கைவாட்டில் ஒன்று, குளிக்கும் இடத்தில் நெட்டுக்குத்தாக ஒன்று, வாசலில் ஒன்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியாக, செங்கல் சுவருக்குள் ஆழமாக இறங்கும் போல்ட்டோடு பொருத்த வேண்டும். டவல் கம்பியைப் பிடித்து எழுகிறவர்களைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அது ஓர் ஆளின் எடையைத் தாங்கச் செய்ததில்லை, ஒரு நாள் பெயர்ந்து வரும். கைப்பிடியைப் பொருத்தியபின் உங்கள் வீட்டில் எடை அதிகமானவர் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்கட்டும்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். உள்ளே விழுந்துவிட்டவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்கவே முடியாது. தாழ்ப்பாளும் அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். நிலைக்கு கிரானைட் வைத்து, கதவு எஃப்ஆர்பி (நாரிழை கலந்த பிளாஸ்டிக்) அல்லது டபிள்யூபிசி (மரத்தூள் கலந்த பிளாஸ்டிக்) போட்டுவிட்டால் அடிப்பக்கம் ஊறும் தொல்லை இராது. கதவின் கீழே காற்று நுழைய முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். அப்போதுதான் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் உள்ளிருக்கும் ஈரக்காற்று வெளியே போகும். எக்ஸாஸ்ட் இருக்கிறதே என்று ஜன்னலை அடைத்துவிடக் கூடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு பாத்ரூம் ஜன்னலுக்கு 0.37 சதுர மீட்டர், அதாவது நான்கு சதுர அடியாவது கேட்கிறது. பழைய வீடுகளில் இருக்கும் சின்ன வென்டிலேட்டரைப் பெரிதாக்க இதுதான் சந்தர்ப்பம்.

தரைக்கு, பாத்ரூமுக்கென்று விற்கும் சொரசொரப்பான டைல்ஸ். பெட்டியில் ஆர்10 அல்லது ஆர்11 என்று குறியீடு இருக்கும். எண் கூடினால் பிடிமானம் கூடும். கடையில் ஒரு டைலைத் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். ரொம்பச் சொரசொரப்பும் வேண்டாம், அழுக்கு உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய்க் குளியல் உள்ள வீடு என்பதால் ஒன்று சொல்கிறேன், எண்ணெய் பட்டால் எந்த டைல்ஸும் வழுக்கும். அவர் உட்கார்ந்து குளிக்க, அகலமான கால்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் நிரந்தரமாக அங்கே இருக்கட்டும். கைக்கெட்டும் இடத்தில் ஹேண்ட் ஷவரும், பக்கெட்டுக்குத் தனிக் குழாயும் இருக்கட்டும். தூக்கும் வேலை இல்லாதபடி பக்கெட் நிரம்பும் இடமும் குளிக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். குளித்து முடித்ததும் தரையில் சீயக்காயோ சோப்புத்தூளோ போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட வேண்டும். இரவுக்கு ஒரு சின்ன விளக்கு, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை வழி தெரியும்படி.

கீசரைக் குளிக்கும் இடத்துக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் கால்மணி நேரத்தில் சூடாகும். 60 டிகிரிக்குச் சூடான அந்தத் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் இரண்டு பக்கெட் இதமான தண்ணீர் கிடைக்கும். பக்கெட்டில் குளிக்கிற வீட்டுக்கு 25 லிட்டர் தேவையில்லை. கீசருக்கு 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள். ஈரக்கையோடு சுவிட்ச் தொடும் இடம் இது. யாராவது காஸ் கீசர் சிக்கனம் என்று சொன்னால், மூடிய பாத்ரூமுக்குள் அதை வைக்கவே கூடாது. எரியும் வாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்குவது தெரியாமலே உயிர் போயிருக்கிறது.

தங்கை வீட்டில் பார்த்தவற்றைப் பற்றி. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். கண்ணாடித் தடுப்பில் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் வைப்பரால் வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பால் தெளித்ததுபோல் ஆகிவிடும். ஏழுக்கு ஐந்து அடி அறையில் அது இடத்தையும் குறுக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. கறுப்புப் பளபளப்பு டைல்ஸிலும் இதே கதைதான். வெளிர் சாம்பல், தந்த நிறம், மணல் நிறம் போன்றவற்றில் உப்புத் திட்டு தெரியாது, அறையும் பெரிதாகத் தெரியும்.

தலைக்கு மேல் ஷவர் ஆசைப்பட்டால் தண்ணீரின் அழுத்தத்தைக் கணக்குப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டைமாடித் தொட்டிக்கும் மாடி பாத்ரூம் ஷவருக்கும் இடையே உங்கள் வீட்டில் இரண்டு மீட்டர் உயரம் இருந்தால் பெரிது, அதாவது 0.2 பார். பெரிய ஷவர்கள் பலவற்றுக்கு இது போதாது, மழை கொட்டாது, நூலாக ஒழுகும். பிரஷர் பம்ப் போட்டால் வரும். ஆனால் அதற்கு மின்சாரமும் பராமரிப்பும் உண்டு. கீழ் பாத்ரூமில் இன்னும் மூன்று மீட்டர் கூடுவதால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டரும் உப்பில் அடைத்துக்கொள்ளும். வெளியே தெரியும் குழாய்களாக வைத்தால், அடைத்தால் கழற்றி வினிகரில் ஊறவைத்து மாட்டலாம்.

சுவரில் மாட்டும் கிளாசெட்டுக்கு அடியில் கழுவுவது சுலபம், அது உண்மையான நன்மை. ஆனால் அதை உங்கள் வீட்டில் வைக்க வேண்டுமானால், ஃபிளஷ் தொட்டியை மறைக்க ஆறேழு அங்குலத்துக்குப் பொய்ச்சுவர் எழுப்ப வேண்டும். ஐந்தடி அகலத்தில் அது பெரிய இழப்பு. தரையில் நிற்கும், பக்கங்கள் மூடிய கிளாசெட் வாங்கினால் கழுவும் வேலை ஏறக்குறைய அதே அளவு குறையும். ஃபிளஷ், 3 லிட்டர் 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ளதாக இருக்கட்டும்.

ஆசைக்கென்று ஒன்றை நிச்சயமாகச் செய்துகொள்ளுங்கள். நல்ல கண்ணாடியும் அதன் மேல் பிரகாசமான விளக்கும், சுவருக்குள் குடைந்த ஒரு மாடம், வாஷ்பேசின் பின்னால் உங்களுக்குப் பிடித்த பூ வேலைப்பாடு உள்ள டைல்ஸ். இவற்றுக்கு ஆகும் பணம் சொற்பம், தினமும் கண்ணில் படுவது இவைதான்.

பணக் கணக்குக்கு வருவோம். ஏழுக்கு ஐந்து அறையின் சுற்றளவு 24 அடி. ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 168 சதுர அடி, கதவைக் கழித்தால் 150. தரை 35. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஒரு பாத்ரூமுக்கு 205 சதுர அடிக்குள் அடங்கும். கான்ட்ராக்டரின் சீட்டில் இதற்கு மேல் வெகுவாக இருந்தால் காரணம் கேளுங்கள். ‘பாத்ரூம் ஒன்றுக்கு இவ்வளவு’ என்று மொத்தமாகப் பேச வேண்டாம். இடிப்பு, குழாய், பூச்சு, டைல்ஸ், சாமான்கள், மின்வேலை என்று தனித்தனியாக, பொருளின் பெயரும் அளவும் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். கை சுருக்க வேண்டியிருந்தால் டைல்ஸ் விலையிலும், திறந்து மூடும் குழாய்களின் பிராண்டிலும் சுருக்குங்கள். வாட்டர்புரூஃபிங் பூச்சிலும், சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் புதையும் பைப்பிலும் சுருக்காதீர்கள். பிந்தைய இரண்டும் மறுபடி இடித்தால்தான் மாற்ற முடியும்.

ஒரு பாத்ரூமுக்கு, காய விடும் நாட்களையும் சேர்த்து மூன்று வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் முடிக்கிறேன் என்பவர் தண்ணீர் கட்டும் சோதனையைத் தவிர்க்கப் போகிறார் என்று பொருள். 48 மணி நேரச் சோதனையையும் குழாய் அழுத்தச் சோதனையையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடைசித் தவணையாகப் பத்தில் ஒரு பங்கையாவது, இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்தபின் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். சுவரை மூடும் முன் எல்லாக் குழாய்களையும் பக்கத்தில் அளவு டேப் வைத்து போனில் படம் எடுத்து, கணவருக்கும் அனுப்பி வையுங்கள். நாளைக்கு ஒரு கைப்பிடியோ அலமாரியோ மாட்டத் துளை போடும்போது குழாயில் படாமல் இருக்க அது வேண்டும். டைல்ஸில் இரண்டு வகையிலும் ஒரு பெட்டி மிச்சம் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் போனால் அதே நிறம் கடையில் இருக்காது.